மலைநாட்டுத் தோட்டங்களில் புழு வைத்தியம்

இலங்கை அரசாங்கத்தின் பிரதான சிவில் வைத்திய அதிகாரியாக விளங்கிய கின்ஸி என்பார் 1887-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று, சோகை அல்லது இலங்கையின் பெரிபெரி என்று தலைப்பிடப் பெற்றிருந்தது. முகம் வெளுத்து, கால் வீங்கி, நாலடி மேடேறுமுன் மூச்சிரைத்து, கடைசியில் உடம்பெங்கும் நீர் கோத்து மாண்டுபோன நோயாளிகளை அந்நாளைய வைத்தியர்கள் பெரிபெரி என்ற ஒரே கணக்கில் எழுதி வந்தார்கள். அந்தக் கணக்கில் பெரும்பங்கு, சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும் கொளுக்கிப்புழுவின் வேலை என்பது மெல்ல மெல்லத்தான் வைத்திய உலகத்துக்குப் புலப்பட்டது. மிலான் நகரத்தில் டுபினி என்ற வைத்தியர் 1838-இல் பிரேத பரிசோதனை ஒன்றின்போது அப்புழுவை முதன்முதலாகக் கண்டிருந்தார். 1880-இல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து செயின்ட் கொத்தார்ட் சுரங்கம் வெட்டிய தொழிலாளர் கூட்டங் கூட்டமாக வெளுத்துச் சரிந்தபோதுதான், அது ஒரு பிரதேசத்தின் உழைப்பையே குடித்துவிடவல்ல ஜந்து என்று ஐரோப்பா உணர்ந்தது. இலங்கையிலோ அக்காலத்தில் கோப்பி இலைநோயால் அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867-இல் பத்தொன்பது ஏக்கரில் நட்ட செடி, இருபதாண்டுக்குள் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, நுவரெலியா என்று மலைநாடு முழுவதும் படர்ந்துவிட்டது. அதனோடு தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து சனங்களும் வந்து நிரம்பினார்கள்.

அந்தச் சனங்கள்தான் புழுவைக் கொண்டுவந்தார்கள் என்பது தோட்டத் துரைமாரின் நெடுநாளைய வாதம். அதில் பாதி உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சென்னை மாகாணத்தில் 1910-களின் பிற்பகுதியில் மாஸ்கர் என்ற வைத்தியர் நடத்திய ஆராய்ச்சி, அம்மாகாணத்துக் கிராம மக்களில் மிகப் பெரும்பாலோரிடம் கொளுக்கிப்புழு இருந்ததைக் காட்டிற்று. எனினும் ஊரில் பத்தோ இருபதோ புழுவைச் சுமந்துகொண்டு வாழ்ந்தவன், தோட்டத்துக்கு வந்து நூற்றுக்கணக்கில் சுமக்க நேர்ந்ததற்குக் காரணம் ஊரில் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராக்களை முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டிய லயம், அதில் ஒரு குடும்பமோ இரண்டோ, மலங்கழிக்கத் தேயிலைச் செடியின் மறைவைத் தவிர வேறு இடமின்மை, ஓயாத மழை, செருப்பறியாத பாதம் ஆகிய இவையெல்லாம் ஒன்றுகூடிய இடத்தில், புழுவுக்கு இதைவிட அனுகூலமான ராஜ்யம் வாய்த்திராது. மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமண்ணில் பொரித்துச் சில நாளில் நுண்ணிய குஞ்சுப்புழுவாகி, அதன்மீது மிதிக்கும் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, இரத்த ஓட்டத்தோடு சுவாசப்பைக்கு ஏறி, தொண்டைவழி விழுங்கப்பட்டுக் குடலையடைகிறது. கெய்ரோவில் லூஸ் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர், குஞ்சுப்புழுக்கள் கலந்த நீர்த்துளி தற்செயலாகத் தம் கையில் சிந்தியதைக் கொண்டே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் இந்த மார்க்கத்தைக் கண்டுபிடித்தார். கொழுந்து பறிக்க விடியற்காலையில் மலைக்குப் போன பெண், பனியில் நனைந்த மண்ணில் நாள் முழுவதும் நின்றாள் என்பதை நினைத்துப் பார்த்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

இங்கே உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனெனில் மலைநாட்டை ஒரே நிறத்தில் தீட்டிவிடுவது எளிது. கொளுக்கிப்புழுவின் குஞ்சு வெப்பத்தை விரும்புவது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவின் குளிரில் அது நன்றாக வளர்வதில்லை. மாத்தளை, கண்டி போன்ற தாழ்ந்த மலைச்சரிவுகளிலும், நாலாயிரம் அடி மட்டத்திலுள்ள ஹட்டனுக்குக் கீழே இறங்கும் பள்ளத்தாக்குகளிலும்தான் அது தன் முழுப் பலத்தைக் காட்டிற்று. உச்சித் தோட்டங்களில் அதனிடத்தை வட்டப்புழு பிடித்துக்கொண்டது. அதன் முட்டை குளிரைத் தாங்கும், ஈரத்தில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தலை பெருத்து வயிறு உப்பிய பிள்ளைகளை உச்சித் தோட்டத்தில் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பிராவில் கண்டவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சாஸ்திர நூல் சொல்லித் தரவேண்டியதில்லை.

இரத்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நெக்காட்டர் என்ற வகைக் கொளுக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீட்டர் இரத்தத்தை வீணாக்கும் என்பர். 500 புழு குடியிருக்கும் குடலில் அது நாளொன்றுக்கு 15 மில்லிலீட்டர். அன்கிலோஸ்டோமா வகை இதனினும் ஐந்தாறு மடங்கு கொடியது. சோறும் சம்பலும் உண்டு, ஆண்டுக்கொரு பிள்ளை பெற்று, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவேறிய பெண்ணிடம் இந்த வரியைச் செலுத்தச் சக்தி எங்கிருந்து வரும்? மண்ணையும் சாம்பலையும் தின்னும் ஆசை அவளைப் பற்றும்போது அதனைக் கர்ப்ப ருசி என்று சொல்லிவிடுவார்கள். கங்காணியின் கண்ணுக்கு அவள் சோம்பேறி. பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் அவளுக்கு விழுந்தது அரைநாட் கூலியான அரைப்பேர்.

வைத்தியத்துக்கென்று தோட்டங்களில் ஒன்றுமே இல்லாதிருந்தது என்று சொல்லிவிட முடியாது. 1872-இல் முதல் வைத்தியத் தேவைச் சட்டம் வந்தது. 1880-களிலும் பின்னர் 1912-இலும் அது திருத்தி விரிக்கப்பட்டது. மாவட்ட ஆஸ்பத்திரிகளும், தோட்டந்தோறும் டிஸ்பென்சரிகளும் அதன் வழியே எழுந்தன. டிஸ்பென்சர் ஐயா என்று மரியாதையோடு அழைக்கப்பட்ட ஒருவர், சுரத்துக்குக் குயினைனும் வயிற்றுக்குப் பேதியுப்பும் நிறைந்த இரண்டொரு போத்தல்களோடு ஆயிரம் பேருக்கு அதிபதியாக இருந்தார். ஆனால் அச்சட்டங்கள் பெரும்பாலும் பணத்தைச் சுற்றியே சுழன்றன. ஆஸ்பத்திரிச் செலவைத் தோட்டக்காரர் எவ்வளவு தாங்குவது, சர்க்கார் எவ்வளவு தாங்குவது என்ற வழக்கு ஓய்ந்ததேயில்லை. லயத்துச் சனங்களோ தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த வைத்தியத்தை விடவில்லை. வாய்விடங்கமும் முருக்கன் விதையும் வேப்பங்கொழுந்தும் அவர்களுடைய பூச்சி மருந்துகள். வட்டப்புழுவை ஓரளவு வெளியேற்றிய இவை கொளுக்கிப்புழுவை அசைத்ததாகத் தெரியவில்லை. அசைக்கும் மருந்து அக்காலத்தில் மேனாட்டாரிடமும் சுகமாக வாய்க்கவில்லை என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும்.

அந்த நிலையில்தான் அமெரிக்காவின் ராக்கபெல்லர் தர்ம ஸ்தாபனம் குறுக்கிட்டது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1909 முதல் கொளுக்கிப்புழுவை எதிர்த்துப் பழகிய ராக்கபெல்லர் தர்மப்பணி தன் சர்வதேச சுகாதாரக் கிளையைக் கிழக்கு நாடுகளுக்கும் விரித்தபோது, பிலிப்பைன்ஸில் சுகாதார அதிபதியாயிருந்த விக்டர் ஹைசர் கீழ்த்திசைக்குரிய இயக்குநரானார். 1916-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் வேலை ஆரம்பமாயிற்று. கிராமத்தை விட்டுத் தோட்டத்தை முதலில் தேர்ந்ததற்குக் காரணம் வெளிப்படை. பெயரேட்டில் எண்ணி அடுக்கப்பட்ட சனம், ஒரே இடத்தில் குடியிருப்பு, துரையின் சொல்லுக்கு மறுசொல் இல்லாமை என்ற இம்மூன்றும் சேர்ந்தால் எந்தச் சிகிச்சைப் பிரசாரத்துக்கும் அது சௌகரியமான களம். நோயற்ற கூலியாள் அதிகம் வேலை செய்வான் என்ற பேச்சுத் துரைமாரின் காதிலும் இனிமையாக விழுந்தது.

அந்தச் சிகிச்சை நடந்த விதத்தைச் சற்று நிதானித்துப் பார்ப்பது தகும். முதலில் குடும்பந்தோறும் பெயரெழுதிய சிறு தகரடப்பாக்கள் கொடுக்கப்பட்டன. எதற்கென்று சொன்னபோது சிலர் சிரித்திருப்பார்கள், சிலர் அருவருத்திருப்பார்கள். டப்பாக்கள் திரும்பி வந்ததும், கண்ணாடித் தகட்டில் மலத்தைத் துளி நீரோடு தடவி உருப்பெருக்கியின் கீழ் முட்டையைத் தேடுவார்கள். இதுவே நோயறியும் முறை முழுவதும். முட்டையை உப்புநீரில் மிதக்கவிட்டுச் சேகரிக்கும் வில்லிஸ் முறையும், எண்ணிக் கணக்கிடும் ஸ்டோல் முறையும் 1920-களில்தான் வந்தன. முட்டை கண்டவருக்கு முதல்நாள் இரவில் பேதியுப்பு. மறுநாள் வெறும் வயிற்றில் தைமோல் மாத்திரைச் சிமிழ்கள், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் சிமிழ்கள். பின்னர் மீண்டும் பேதியுப்பு. ஓமத்தின் சத்தான தைமோல் எண்ணெயிலும் சாராயத்திலும் கரைந்து இரத்தத்தில் ஏறிவிட்டால் விஷமாகும் என்பதால், அன்று எண்ணெய்ப் பண்டமும் கள்ளும் கூடாது. வாய் வெந்து தலைசுற்றி, ஒரு பகலெல்லாம் கொல்லைக்கு அலைந்து, மறுநாள் பிரட்டுக்கு நிற்பதென்றால் எத்தகைய பலவானும் தயங்குவான். பிள்ளைகள் அடிபட்டே மருந்து விழுங்கியிருக்கும். வேலைநாள் ஒன்று போயிற்றே என்று தோட்டக்காரரும் முணுமுணுத்தார்கள்.

தைமோலுக்குப் பின் கீனோபோடியம் எண்ணெய் வந்தது. அளவு சிறிது மிகுந்தால் செவிடாக்கும், சில வேளை உயிரையும் கொண்டுபோகும். 1921-இல் அமெரிக்கக் கால்நடை ஆராய்ச்சியாளர் மோரிஸ் ஹால், கார்பன் டெட்ராகுளோரைடு நாயின் கொளுக்கிப்புழுவைக் கொல்வதாக நிரூபித்தார். துணி வெளுப்போரும் தீயணைப்போரும் கையாண்ட அந்தத் திரவத்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த முதல் நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொழும்பில் பாக்டீரியா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லூஷியஸ் நிக்கல்ஸும் ஹாம்ப்டனும் 1922-இல் அதன் பலனைப் பிரிட்டிஷ் வைத்திய சஞ்சிகையில் எழுதினார்கள். அதே ஆண்டில் அதே சஞ்சிகையில் டொச்சர்ட்டியும் பர்கெஸும் எழுதிய கட்டுரை மரணதண்டனை பெற்ற கைதிகளைப் பற்றியது. அம்மருந்தை அவர்களுக்குக் கொடுத்து, தூக்கிலிட்டபின் ஈரலை அறுத்துப் பார்த்து, அது ஈரலுக்கு என்ன செய்கிறது என்று கண்டுகொண்டார்கள். எப்படியும் சாகப்போகிறவன்தானே என்று அந்நாளைய மனச்சாட்சி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கலாம். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. தோட்டத்துப் பிள்ளை ஒன்று தேக்கரண்டியில் விழுங்கிய மருந்துக்குப் பின்னால் அந்த ஈரல்களும் இருந்தன.

மண்டபத்தையும் மறந்துவிடக் கூடாது. 1917 முதல் இராமேஸ்வரத்துக்கு இக்கரையில் இயங்கிய மண்டபம் முகாமே இலங்கை செல்லும் தொழிலாளரின் வாசலாக இருந்தது. அங்கே தடுத்து வைத்து, அம்மைப்பால் குத்தி, உடைமைகளைப் புகையிட்டு, பிற்பாடு கொளுக்கிப்புழுவுக்கும் மருந்து கொடுத்தார்கள். தாயகத்துப் புழுவைத் தாயகத்திலேயே விட்டுப்போகச் செய்வதென்ற ஏற்பாடு அது. பேதி மருந்து குடித்துக் களைத்த உடம்போடு படகேறி, தலைமன்னாரில் இறங்கி ரயிலேறியவர்கள், மலைநாட்டு லயத்தை அடைந்த சில மாதங்களில் அதே புழுவைப் புதிதாகச் சம்பாதித்துக்கொண்டார்கள்.

இதுதான் மாத்தளையிலும் நடந்தது. சிகிச்சை பெற்ற தோட்டங்களை மறுபடியும் பரிசோதித்தபோது, புழு திரும்பி வந்திருந்தது. மருந்தின் குற்றமல்ல; கக்கூஸ் இல்லாத மண்ணில் மருந்து எத்தனை தடவை கொடுத்தாலும் வெறும் ஒத்திவைப்பே. ராக்கபெல்லர் வைத்தியர்கள் இதனைச் சீக்கிரமே உணர்ந்து, முதலில் கக்கூஸ் பின்னர் மருந்து என்று நிபந்தனை விதிக்கலானார்கள். அவ்விடத்தில்தான் தோட்டக்காரரின் உற்சாகம் தணிந்தது. தலைக்குச் சில சதம் செலவாகும் மருந்துக்குச் சம்மதித்தவர்கள், லயத்துக்கு லயம் குழிவெட்டி, கூரை போட்டு, துப்புரவாளரை வைப்பதற்குப் பணம் கேட்டபோது, எங்கள் கூலிகள் கக்கூஸை உபயோகிக்கமாட்டார்கள் என்று சாக்குச் சொன்னார்கள். பத்து வீட்டுக்கு ஒன்றாகக் கட்டி, கதவும் தண்ணீரும் வைக்காமல் விட்ட மறைப்பை எவர்தான் உபயோகிப்பார்? ஸ்தாபனமும் காலப்போக்கில் தன் நோக்கைத் தோட்டத்திலிருந்து விலக்கிக்கொண்டது. ஜாக்காக்ஸ் என்பாரின் முயற்சியால் 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி, பிரசவம் முதல் கக்கூஸ் வரை ஒரே குடையின்கீழ் கொண்டுவந்த புது முறை. இலங்கையின் பொதுச் சுகாதாரத்துக்கே அடிப்படையாக அமைந்தது. ஆனால் அது கிராமங்களுக்கும் பட்டணங்களுக்கும் உரிய முறையாயிற்று. தோட்டம் தோட்டக்காரரின் பொறுப்பு என்ற கோடு நடுவே கிழிக்கப்பட்டு, அரை நூற்றாண்டுக்கு மேல் அழியாமல் நின்றது.

குடற்புழுவை மட்டுமே பேசிவிட்டு நிறுத்தினால் கதை குறைபடும். ஏனெனில் டிஸ்பென்சரியின் பேதிமருந்து எட்டாத இடத்தில் குடியேறும் புழுக்களும் உண்டு. 1888-இல் மதராஸில் வலிப்புக் கண்டு இறந்துபோன ஒரு கூலியாளின் மூளையில் நாடாப்புழுவின் இளங்கூடுகள் காணப்பட்டதை ஆம்ஸ்ட்ராங் என்பவர் எழுதிவைத்தார். இந்தியாவில் இந்நோயைப் பற்றிய முதற்குறிப்பு அதுவே என்பர். 1912-இல் கிருஷ்ணசாமி என்பார், தசைவலியும் தோலடிக் கட்டிகளுமாக வந்த நோயாளிகளையும், பிரேத பரிசோதனையில் தசையிலும் இதயத்திலும் மூளையிலும் நிறைந்திருந்த கூடுகளையும் வருணித்தார். இந்தியாவில் சேவை செய்து திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் பல ஆண்டு கழித்து வலிப்புக்கு ஆளானதும் இதனாலேயே. அத்தகைய 450 பேரின் சரித்திரத்தை டிக்ஸனும் லிப்ஸ்கோம்பும் 1961-இல் தொகுத்தார்கள். பன்றிமாமிசம் உண்டவருக்குத்தான் இது வரும் என்ற எண்ணம் தவறு. பச்சை மாமிசம் உண்டவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும்; அவருடைய மலத்திலிருந்து முட்டை சேர்ந்த நீரையோ கீரையையோ உட்கொண்டவர், சுத்த சைவராயினும், தசையிலும் மூளையிலும் கூடு தாங்குவார். மறுபடியும் கக்கூஸிலேயே வந்து நிற்கிறோம்.

இந்தக் கூடு தலையின் தசையொன்றில், கன்னப்பொறியிலோ மெல்லும்போது புடைக்கும் தாடைத் தசையிலோ, கண்ணை அசைக்கும் மெல்லிய தசையிலோ தங்குமானால் அதைக் கண்டறிவது பழைய வைத்தியருக்குப் பெரும் சங்கடம். வலியில்லாத பட்டாணி அளவுக் கட்டி. கொழுப்புக் கட்டி என்றும் நெறிக்கட்டி என்றும் உமிழ்நீர்ச் சுரப்பியின் வீக்கம் என்றும் நினைத்து அறுத்தபின்தான் உள்ளே தெளிந்த நீரும் வெண்புள்ளி போன்ற தலையும் தெரியும். மலப்பரிசோதனை இதற்கு உதவாது. புழு குடலிலே இல்லை. செத்துச் சுண்ணாம்பேறிய கூடு எக்ஸ்ரேயில் அரிசிமணி போலத் தோன்றும் என்பதே நெடுங்காலம் இருந்த ஒரே தடயம். இன்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உயிருள்ள கூட்டையும் அதனுள் புழுத்தலையையும் காட்டிவிடுகிறது, எம்.ஆர்.ஐ. மூளையையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறது. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் வீதம் அல்பெண்டசோலைச் சில வாரங்கள் ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுப்பது வழக்கம். தனித்த கட்டியாயின் அறுத்தெடுப்பதும் உண்டு. ஸ்டீராய்டு எதற்கென்றால், சாகிற புழு உயிருள்ள புழுவைவிட அதிகம் புண்ணாக்கும். அதனால்தான் மூளையையும் கண்ணையும் முன்கூட்டிப் பாராமல் மருந்தைத் தொடக் கூடாது என்கிறார்கள். இலங்கையில் இந்நோய் அரிது. அங்கே முகத்திலும் கண்ணைச் சுற்றியும் எழும் இத்தகைய கட்டிகளில் பெரும்பாலும் அகப்படுவது, நாயிடமிருந்து கொசுவழியாக மனிதனை அடையும் டைரோபைலேரியா என்ற நூற்புழு. பேராசிரியர் திஸாநாயக்க முதலிய இலங்கை ஒட்டுண்ணி இயலார் அதனை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்கு மருந்தே வேண்டியதில்லை. கட்டியை அறுத்துப் புழுவை எடுத்துவிட்டால் நோய் தீர்ந்தது.

தோட்டங்கள் 1970-களில் அரசுடைமையாகி, 1992-இல் மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போனதற்கிடையில், புழு மருந்தும் மாறிவிட்டது. ஒரே வேளை விழுங்கும் மெபெண்டசோல் 500 மில்லிகிராம், அல்லது அல்பெண்டசோல் 400. பேதியுப்பும் பட்டினியும் போயின, விஷபயமும் ஏறக்குறையப் போயிற்று. தோட்டப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு அதனை வரிசையில் நிறுத்திக் கொடுக்கிறார்கள், கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறார்கள். இந்திய உதவியோடு டிக்கோயாவில் எழுந்த 150 படுக்கை ஆஸ்பத்திரி 2017-இல் திறக்கப்பட்டது. கக்கூஸ்களும் பெருகியிருக்கின்றன, லயங்களோ பலவிடங்களில் அப்படியே நிற்கின்றன. நூறாண்டு முயற்சியில் மாத்திரை முன்னே ஓடியதும் வீடு பின்னே நொண்டியதும் தற்செயலென்று நான் கருதவில்லை. மலிவானதை முதலில் செய்தார்கள். விலையுயர்ந்ததைத் தள்ளிப் போட்டார்கள்.

இந்தச் சரித்திரத்தில் நமக்குக் கிடைப்பதெல்லாம் மருந்து கொடுத்தவர்களின் எழுத்து. மருந்து குடித்தவர்களின் பெயர், வயது, நோய், கொடுத்த மருந்து, திரும்பி வந்த நாள் முதலியன பதிந்த பழைய டிஸ்பென்சரிப் புத்தகங்கள் இன்னும் சில தோட்ட ஆபீஸ் அலுமாரிகளில் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கும். கம்பளைக்கருகே பழைய பீகொக் தோட்டத்தில் 2007 முதல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஈழத்து எழுத்துகளை மின்னுருவாக்கும் நூலகம் நிறுவனம் மலையக ஆவணங்களையும் பேணி வருகிறது. அத்தகைய புத்தகம் ஒன்று கண்ணில் பட்ட தோட்டத்து ஆசிரியர்களும் வைத்திய உதவியாளர்களும் இளைஞர்களும், பழங்குப்பை என்று எடைக்குப் போடாமல், நோயாளிகளின் பெயர்கள் வெளியே போகாதபடி பாதுகாப்போடு அவ்விடங்களில் ஒன்றில் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.